பாலாற்றங்கரைக் கிணறுகளும் மூன்று ஸ்ப்ரெட்ஷீட்டுகளும்: ஸ்கேட்டர் சார்ட்டுக்கு எதை எடுப்பது?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் வேதியியலும் சுற்றுச்சூழலும் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் என்று வந்தால் பெரும்பாலும் தண்ணீரைத்தான் கையில் எடுப்பார்கள். பாலாறு அப்படி. மேலே மணல்தான் தெரியும், அடியில் ஓடுகிற தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு சொன்ன பிறகும், வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை யாராவது ஒரு குழு பாட்டில்களோடு கிணறு கிணறாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் பிடித்தாயிற்று, லேபில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு), குளோரைடு, பி.எச். எல்லாம் பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டில் ஒரு ஸ்கேட்டர் சார்ட், அதாவது ஓர் அளவைக் கிடை அச்சிலும் இன்னொன்றை நிலை அச்சிலும் வைத்துப் புள்ளி போடும் படம், வேண்டும் என்று கைடு சொல்கிறார். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "எதுல சார் போடறது?"

கையில் இருப்பவை மூன்று: எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்களைச் சேர்ப்பதற்கு ஷீட்ஸ். படத்தை முடிப்பதற்கு எக்செல். எக்செல் இல்லாதவர்கள் கால்க்கில் முடிக்கலாம், ஊர்ப்பெயர் ஒட்டும் ஒரு வேலையைத் தவிர வேறெதிலும் அது சளைத்ததில்லை. படத்தையும் ஷீட்ஸிலேயே முடித்துவிடலாம் என்கிற ஆசை மட்டும்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம். நம் ஊரில் எந்த அட்டவணை போட்டாலும் முதல் பத்தியில் 'வ.எண்' வந்துவிடும், இல்லாவிட்டால் கை நடுங்கும். ஸ்கேட்டர் சார்ட்டுக்கு அதுதான் எமன். மொத்த அட்டவணையையும் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஸ்கேட்டரைச் சொடுக்கினால் மூன்று மென்பொருளுமே இடப்பக்கம் முதலில் இருக்கும் எண் பத்தியைக் கிடை அச்சில் போடப் பார்க்கும். விளைவு, வரிசை எண்ணுக்கும் டி.டி.எஸ்.ஸுக்கும் உள்ள 'தொடர்பு'. புள்ளிகள் அழகாகச் சிதறித்தான் இருக்கும், பார்க்க ஸ்கேட்டர் மாதிரியேதான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. தேவையான இரண்டு பத்திகளை மட்டும் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தேர்ந்தெடுங்கள். அல்லது வ.எண்ணைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, எண் மாதிரி தெரியும் எழுத்து. ஒரு கட்டத்தில் '850 மி.கி.' என்று அலகோடு சேர்த்து அடித்தால் அது கணினிக்கு எண் அல்ல. தேதியை நாம் 13.5.24 என்று புள்ளி வைத்து எழுதுவோம், அதுவும் பெரும்பாலும் வெறும் எழுத்தாகத்தான் உட்காரும். கிடை அச்சுக்கான பத்தியில் இப்படி எழுத்து கலந்திருந்தால் எக்செல் சத்தமே போடாது. உங்கள் மதிப்புகளை ஓரங்கட்டிவிட்டு 1, 2, 3 என்று தானே எண் போட்டுக்கொண்டு புள்ளிகளை வரிசையாக அடுக்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: நீங்கள் அலைன்மென்ட்டை மாற்றாதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். பத்தியை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தால் எது விலகி நிற்கிறது என்று தெரிந்துவிடும். அலகைத் தலைப்பில் மட்டும் எழுதுங்கள்.

லைன் சார்ட்டையும் ஸ்கேட்டரையும் குழப்பிக்கொள்வது பற்றியும் ஒரு வரி. லைன் சார்ட் கிடை அச்சில் இருப்பதைப் பெயராக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் வைக்கும். ஆற்றிலிருந்து 100 மீட்டர், 150 மீட்டர், 2000 மீட்டர் தள்ளி மூன்று கிணறுகள் என்றால் லைன் சார்ட்டில் மூன்றும் ஒரே இடைவெளியில் நிற்கும். ஸ்கேட்டரில்தான் மூன்றாவது கிணறு தூரத்தில் போய் நிற்கும். தூரமும் அளவும் இரண்டுமே எண் என்றால் ஸ்கேட்டர்தான்.

சரி, இப்போது மூன்றையும் ஒரே வேலையில் மோதவிடுவோம். கிணற்று நீருக்கு நான் எப்போதும் போடச் சொல்லும் படம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கிணற்றுக்கும் மே மாத டி.டி.எஸ். கிடை அச்சில், ஜனவரி டி.டி.எஸ். நிலை அச்சில். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் தன் கண்காணிப்புக் கிணறுகளை மே, ஜனவரி உட்பட வருடத்தில் நான்கு முறை பார்க்கிறது. ஆகவே மாதத் தேர்வை வைவாவில் யாரும் குறை சொல்ல முடியாது. இதன் குறுக்கே மூலைவிட்டமாக ஒரு கோடு போட வேண்டும், இரண்டு மாதமும் ஒரே அளவு இருந்தால் புள்ளி எங்கே விழுமோ அந்தக் கோடு. கோட்டுக்குக் கீழே விழுந்த கிணற்றில் மழைத் தண்ணீர் சேர்ந்து உப்பு குறைந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே விழுந்த கிணறு? அங்கேதான் போய் விசாரிக்க வேண்டும். மழை மேல்மண்ணின் உப்பைக் கரைத்து உள்ளே இறக்கியதா, வேறு எங்கிருந்தாவது வந்து சேர்ந்ததா என்று. ஒரு பட்டை வரைபடத்தில் இதையெல்லாம் தேடி எடுக்கவே கண் வலிக்கும்.

எக்செலில் இந்தக் கோடு நிமிட வேலை. காலியான ஒரு மூலையில் இரண்டு வரி எழுதுங்கள்: 0, 0, அடுத்து 3000, 3000. சார்ட்டின் மேல் வலது சொடுக்கு, 'செலக்ட் டேட்டா', 'ஆட்'. புதிய சீரிஸுக்கு (சேர்ந்து வரையப்படும் ஒரு தொகுதிப் புள்ளிகளுக்கு) அதன் சொந்தக் கிடை மதிப்புகள், சொந்த நிலை மதிப்புகள் என்று இரண்டையும் தனியாகக் காட்டலாம். பிறகு அந்த சீரிஸுக்கு மட்டும் புள்ளியை நீக்கிக் கோட்டை வைத்துவிட்டால் முடிந்தது. இதே முறையில் குடிநீர்த் தர வரம்பையும் போடலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பின்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. இரண்டுக்கும் இரண்டு படுக்கைக் கோடுகள். படம் உடனே பேச ஆரம்பித்துவிடும்.

கால்க்கிலும் இதே தாராளம் உண்டு. சார்ட் போடும்போது வரும் படிகளில் 'டேட்டா சீரிஸ்' என்ற இடத்தில் ஒவ்வொரு சீரிஸுக்கும் கிடை, நிலை மதிப்புகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம். புதியவர்களைக் கால்க் தடுமாற வைக்கும் இடம் வேறு. சார்ட்டை ஒருமுறை சொடுக்கினால் படத்தை நகர்த்தத்தான் முடியும், இரண்டு முறை சொடுக்கி உள்ளே போனால்தான் மேலே இருக்கும் மெனுக்களே சார்ட்டுக்கு உரியவையாக மாறும். இது தெரியாமல், புள்ளிகளின் போக்கைக் காட்டும் கோட்டைத் தேடிவிட்டு "ட்ரெண்ட்லைன் இதுல கிடையாது சார்" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

ஷீட்ஸில்தான் இடறுகிறது. அதன் ஸ்கேட்டர் சார்ட்டில் கிடை அச்சுக்கு ஒரே ஒரு வரம்புதான், எத்தனை சீரிஸ் சேர்த்தாலும் எல்லாமே அந்த ஒரே பத்தியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே கோட்டுக்குரிய 0-வையும் 3000-ஐயும் உங்கள் கிணறுகளுக்குக் கீழேயே அதே பத்தியில் எழுதி, நிலை மதிப்பை அடுத்த பத்தியில் வைத்து, மற்ற கட்டங்களைக் காலியாக விட வேண்டும். வேலை நடக்கும். ஆனால் மூலத் தரவுக்குள் இல்லாத கிணறுகள் இரண்டு குடியேறிவிடும், பிறகு யாராவது அதே பத்திக்குச் சராசரி எடுத்தால் அவையும் சேர்ந்துகொள்ளும். இதைவிடச் சுத்தமான வழி, மே மாதப் பத்தியையே அப்படியே நகலெடுத்து இன்னொரு சீரிஸாகக் கொடுத்து, அதற்கு நேர்கோட்டு ட்ரெண்ட்லைன் போட்டு, புள்ளிகளைச் சிறிதாக்கிவிடுவது. கோடு அதே மூலைவிட்டத்தில் வந்து விழும். இப்படிச் சுற்றிவளைத்துப் போகப் பொறுமை இருந்தால் ஷீட்ஸும் சரிதான்.

அப்புறம் பெயர். இந்த முடிவையே தீர்மானிப்பது இதுதான் என்பது என் எண்ணம். ரிப்போர்ட் கல்லூரியோடு முடிந்தால் புள்ளிக்குப் பெயர் தேவையில்லை. ஆனால் கிராம சபையில் காட்டப்போகிறீர்கள் என்றால் முதல் கேள்வி "எங்க ஊரு எந்தப் புள்ளி?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்ல முடியாத படத்தை மடித்து வைத்துவிடலாம்.

எக்செலில், சார்ட்டின் பக்கத்தில் வரும் கூட்டல் குறியைத் தொட்டு, டேட்டா லேபிளுக்கான கூடுதல் அமைப்புகளுக்குப் போனால் 'வேல்யூ ஃப்ரம் செல்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்து ஊர்ப்பெயர்ப் பத்தியைக் காட்டி, ஏற்கெனவே இருக்கும் நிலை மதிப்பின் குறியை எடுத்துவிட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஊர்ப்பெயர் வந்து உட்காரும். 2013 பதிப்பில் வந்த வசதி இது. அந்தக் கோப்பைக் கொண்டுபோய் 2010 பதிப்பில் திறந்தால் ஊர்ப்பெயருக்குப் பதிலாக 'செல்ரேஞ்ச்' என்ற சொல் ஒவ்வொரு புள்ளியிலும் ஆங்கிலத்தில் நிற்கும். பழைய கணினி இருக்கும் லேபுக்குப் போகிறவர்கள் படமாகச் சேமித்து எடுத்துப் போவது நல்லது.

ஷீட்ஸும் இதில் பரவாயில்லை. சார்ட் எடிட்டரின் 'செட்டப்' பகுதியில் சீரிஸ் பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் இருக்கும், அதைத் தொட்டு 'ஆட் லேபிள்ஸ்' கொடுத்து ஊர்ப்பெயர்ப் பத்தியைக் காட்டினால் போதும். கால்க்கில் இவ்வளவு நேரான வழியை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு புள்ளியாகத் தேர்ந்து லேபிளைக் கையால் மாற்றலாம், அல்லது ஒவ்வொரு ஊரையும் தனி சீரிஸாக்கிவிடலாம். பத்துப் பன்னிரண்டு கிணறு என்றால் சமாளிக்கலாம். ஐம்பது என்றால் வேண்டாம், எக்செல் இருக்கும் நண்பரைத் தேடுங்கள்.

இதே லேபிள் வசதியை வைத்துக்கொண்டு ஸ்கேட்டரையே வரைபடமாக்கும் ஒரு வேலையும் உண்டு, பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். தீர்க்கரேகை கிடை அச்சில், அட்சரேகை நிலை அச்சில். சுமாராக வாணியம்பாடிக்கு 78.62, 12.68, ஆம்பூருக்கு 78.72, 12.79, வேலூருக்கு 79.13, 12.92, ஆற்காட்டுக்கு 79.32, 12.90. நான்கே புள்ளிதான், ஆனால் கோட்டால் சேர்த்தால் பாலாறு தென்மேற்கிலிருந்து ஏறிவந்து வேலூரைத் தாண்டிக் கிழக்கே திரும்பும் வாகு தெரிந்துவிடுகிறது. கிணறுகளையும் சேர்த்துவிட்டால் தனி வரைபட மென்பொருளே வேண்டாம். கவனிக்க வேண்டியது இரண்டு. ஜி.பி.எஸ். அட்சரேகையை முதலில் சொல்லும், நாமும் அதே வரிசையில் எழுதுவோம், அது முதல் பத்தி என்பதால் கிடை அச்சுக்குப் போய்விடும், ஆறு வடக்கு நோக்கி ஓடும். எழுதும்போதே தீர்க்கரேகையை முன்னால் எழுதுங்கள். இரண்டாவது, நம் பகுதியில் ஒரு டிகிரி அட்சமும் ஒரு டிகிரி தீர்க்கமும் தூரத்தில் கிட்டத்தட்ட சமம், 110 கிலோமீட்டரை ஒட்டி. ஆனால் சார்ட் தன் சட்டத்தை நிரப்பப் பார்க்குமே தவிர அதையெல்லாம் மதிக்காது. அச்சுகளின் குறைந்த, கூடிய மதிப்பைக் கையால் பூட்டி, சட்டத்தின் நீள அகலத்தை அதே விகிதத்துக்கு இழுத்து வைக்க வேண்டும். தானாகச் செய்யும் பொத்தான் மூன்றிலும் என் கண்ணில் படவில்லை.

ட்ரெண்ட்லைனில் பெரிய போட்டி இல்லை. நேர்கோடு, அடுக்குக்குறி, மடக்கை, பல்லுறுப்பு, நகரும் சராசரி எல்லாம் மூன்றிலும் உண்டு; சமன்பாட்டையும் ஆர்-ஸ்கொயர்டையும் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண், முழுப் பொருத்தம் என்றால் 1) மூன்றும் காட்டும். எக்செலும் கால்க்கும் கோட்டைத் தரவுக்கு அப்பாலும் நீட்டிக் காட்டும், வெட்டுப்புள்ளியைப் பூஜ்யத்தில் பூட்டவும் விடும். சமன்பாட்டில் வரும் எண்கள் சுருக்கப்பட்டவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு எடுப்பதாக இருந்தால் லேபிளின் எண் வடிவத்தை மாற்றித் தசம இடங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எக்செல் ஆறாம் படி வரை பல்லுறுப்புக் கோடு போட விடுகிறது என்பதற்காக ஏழு கிணற்றுக்கு ஆறாம் படி போடாதீர்கள். கோடு எல்லாப் புள்ளியையும் தொடும், எதையும் சொல்லாது.

ஆர்-ஸ்கொயர்டு பற்றி இன்னொரு குறும்பு. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பை எடைபோடுவதில்லை. மின்கடத்துத்திறனை (இ.சி.) அளந்து, அதை ஒரு மாறா எண்ணால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. அதே மீட்டரில் இ.சி.யும் டி.டி.எஸ்.ஸும் எடுத்து இரண்டையும் ஸ்கேட்டரில் போட்டால் ஆர்-ஸ்கொயர்டு ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், பையன் பூரித்துப்போவான். அது பாலாற்றைப் பற்றிய கண்டுபிடிப்பு அல்ல, மீட்டருக்குள் இருக்கும் பெருக்கல் வாய்ப்பாடு. லேபில் ஆவியாக்கி எடைபோட்ட டி.டி.எஸ். இருந்தால் மட்டும் அந்தப் படத்தைப் போடுங்கள்.

நீர்மட்டத்துக்குப் படம் போடுகிறவர்களுக்கு அச்சைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். தரையிலிருந்து 5 மீட்டர், 20 மீட்டர் என்று ஆழம் கூடக் கூடப் புள்ளி கீழே போக வேண்டும் அல்லவா? எக்செலில் அச்சின் அமைப்பில் மதிப்புகளைத் தலைகீழாக்கும் கட்டம் இருக்கிறது, கால்க்கிலும் 'ஸ்கேல்' பகுதியில் இருக்கிறது. தலைகீழாக்கியதும் கிடை அச்சு மேலே ஏறிக்கொள்ளும். ஆழத்துக்கு அது பொருத்தமே, தரை மேலேதானே இருக்கிறது. ஷீட்ஸில் நான் ஆழத்தை மைனஸ் எண்ணாக மாற்றிவிட்டு, மைனஸ் குறி தெரியாத எண் வடிவத்தை அச்சுக்குக் கொடுக்கச் சொல்வேன். ஜவ்வாது மலையில் காவலூர் வைனு பாப்பு ஆய்வகம் இருக்கிறதே, அங்கே போய்வந்த பிள்ளைகளுக்கு இந்தத் தலைகீழ் அச்சு புதிதாக இருக்காது. விண்மீன்களின் வெப்பத்தையும் ஒளியையும் எதிரெதிரே வைக்கும் ஹெர்ட்ஸ்ப்ரங்–ரஸல் படமும் ஸ்கேட்டர்தான், அதில் வெப்பம் இடப்பக்கம் போகப் போகக் கூடும்.

பணம், இணையம் என்று பார்த்தால் வரிசை மாறுகிறது. கால்க் இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், நெட் வேண்டாம், தமிழ் மெனுவும் உண்டு. அரசு கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் அதிலும் ஓடும். ஷீட்ஸ் இலவசம், ஆனால் கூகுள் கணக்கும் சிக்னலும் வேண்டும். அதற்கு ஈடாக அது தரும் வசதி பெரிது. ஒருவர் ஆம்பூரில், ஒருவர் மேல்விஷாரத்தில், ஒருவர் பள்ளிகொண்டாவில் நின்றுகொண்டு போனிலேயே கூகுள் ஃபார்மில் அளவைப் போட்டால் மூன்றும் ஒரே ஷீட்டில் வந்து விழும், படமும் கூடவே மாறும். ஆனால் போன் திரையில் சார்ட்டை மெருகேற்ற முயலாதீர்கள், அதற்குக் கணினிதான். எக்செலின் முழுப் பதிப்புக்குக் காசு. கல்லூரி உரிமம் வாங்கியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பல இடங்களில் இருக்கும், மாணவர்களுக்குத்தான் தெரியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எக்செல் திறந்து பார்க்கவும் சின்னத் திருத்தத்துக்கும் நல்லது, நான் மேலே சொன்ன மெருகு வேலைகளுக்கு டெஸ்க்டாப் பதிப்பே தோது.

மூன்றையும் கலந்து வேலை செய்யும்போது சார்ட்டைச் சுமந்துகொண்டு போகாதீர்கள், எண்களை மட்டும் கொண்டுபோங்கள். ஷீட்ஸில் சேர்ந்த தரவை எக்செல் கோப்பாக இறக்கி, படத்தைப் புதிதாகப் போடுவதே மேல். ஒன்றில் போட்ட சார்ட்டை இன்னொன்றில் திறந்தால் எழுத்தளவும் லேபிள் இடமும் மாறிப்போகும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தமிழ்த் தலைப்பு அடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஷீட்ஸில் அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் அடித்தால் மூன்றிலும் பிழைக்கும்.

கடைசியாக அச்சு. ரிப்போர்ட் நான்கு பிரதி போகும், அதில் ஒன்றுதான் கலரில், மற்றவை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளை. திரையில் சிவப்பும் பச்சையுமாகப் பிரிந்து தெரிந்த இரண்டு சீரிஸின் புள்ளிகளும் தாளில் ஒரே சாம்பல் நிறத்தில் வரும். நிறத்தை நம்பாமல் வடிவத்தை மாற்றுங்கள், ஒன்றுக்கு நிரப்பாத வட்டம், மற்றொன்றுக்கு நிரப்பிய முக்கோணம் என்று. எக்செலில் மார்க்கர் அமைப்பிலும், ஷீட்ஸில் சீரிஸுக்குக் கீழே புள்ளி வடிவத்திலும், கால்க்கில் சீரிஸின் சின்னத்திலும் இதை மாற்றலாம். நிரப்பாத வட்டம் எக்செலில்தான் சுலபம், ஃபில்லை எடுத்துவிட்டால் போதும். ஷீட்ஸில் வட்டமும் முக்கோணமுமாக வைத்துக்கொண்டால் போதும். படத்தை அங்கிருந்து பி.என்.ஜி., பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி. என எதிலும் இறக்கிக்கொள்ளலாம். அச்சுக்குப் போவதென்றால் பி.டி.எஃப். எடுங்கள், பெரிதாக்கினாலும் ஊர்ப்பெயர் கலங்காது.